வண்டிக்கு ஒரு குதிரை வேண்டும்

காஜா பெராங், மலாக்கா
12 நவம்பர் 1956

அண்ணனுக்கு,

உறையின் பின்னால் என் பெயரைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் அண்ணியிடம் கொடுத்துவிடுங்கள், அவர் படிக்கட்டும்.

செம்பன் இறந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். சீனர் கோப்பிக் கடைக்கு எதிரில் செம்பன் தானாக நின்றான். லோரிக்கு வழிவிடுகிறான் என்று நினைத்தேன். லோரி எதுவும் வரவில்லை. முன்கால்களை மடித்தான், பிறகு பின்கால்களை. மாடு படுப்பதுபோல் நிதானமாக வண்டிச் சட்டங்களுக்கு நடுவிலேயே படுத்துவிட்டான். வண்டி முன்பக்கம் சாய்ந்தது. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து விழுந்து சிரித்தார்கள். "அக்கா, செம்பன் தூங்குறான்!" என்று மல்லிகா கத்தினாள். நான் இறங்கிப்போய் அவன் மூக்கின் முன்னால் கையை வைத்தேன். மூச்சு இல்லை. பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்புதான் அண்ணா, என் காதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

என் வீட்டுக்காரர் ராஜரத்தினம் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கருமாதி முடிந்த மறுநாள் நான் அவர் இடத்தில் ஏறி உட்கார்ந்து வண்டியை ஓட்டினேன். நீங்கள் கோபித்துக்கொண்டு அன்றைக்கே ஈப்போவுக்குப் பஸ் ஏறினீர்கள். அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அதைப் பற்றிப் பேச இப்போது எனக்குத் தெம்பில்லை.

வருஷக் கடைசி லீவு முடிந்து ஜனவரியில் பள்ளி திறக்கிறது. என் வண்டியில் வருகிற பிள்ளைகள் பதினோரு பேர். மல்லிகாவின் அப்பா, தபால் ஆபீஸ் கிளார்க் கலியாணசுந்தரம், நேற்றே வந்து, "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள குதிரை வந்துரணும்மா. இல்லாட்டி நாங்க ஒரு வேன் பேசிக்கிறோம், தப்பா நெனைக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

ரேஸ்குதிரை லாயத்தில் இத்தனை வருஷம் தலைமைக் குதிரைக்காரராக இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாத குதிரை இல்லை. லோரி ஹாரனுக்கு மிரளாத, பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் உதைக்காத ஒரு குதிரை எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்லுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

கமலவேணி


ஈப்போ
19 நவம்பர் 1956

கமலவேணி,

எரிக்கவில்லை. அஞ்சலை பிடுங்கிக்கொண்டு சத்தமாக வாசித்தாள்.

செம்பனுக்கு என்ன வயசு என்று தெரியுமா உனக்கு? மாப்பிள்ளை வாங்கும்போதே அது பாதிக் கிழம். அதை நம்பி ஊரார் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறாய். நின்றுவிட்டுப் படுத்தது, சரி. பாலத்து இறக்கத்தில் ஓடும்போது விழுந்திருந்தால்?

வண்டியை விற்றுவிடு. பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வா. அறை காலியாகத்தான் இருக்கிறது. ஒரு பொம்பளை கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் போவதை நான் அன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. காஜா பெராங்குக்கு நான் வரப்போவதும் இல்லை.

எழுத வேறொன்றும் இல்லை.

நீ கேட்க மாட்டாய் என்று அஞ்சலை சொல்கிறாள். அவள் சொல்வது சரி. அதனால் இதையும் எழுதுகிறேன். ரேஸில் ஓடின குதிரை வேண்டவே வேண்டாம், அதற்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டம்தான். தரகன் வாயைத் திறந்து பல்லைக் காட்டினால் பல்லைப் பார்க்காதே, குளம்பைப் பார். நிற்கிற குதிரையை வாங்காதே. அரை மைல் நடத்திப் பார்த்துவிட்டு வாங்கு. வெயிலில் காட்டச் சொல், கொட்டகைக்குள் இருட்டில் காட்டினால் திரும்பி வந்துவிடு.

பொன்னுதுரை


காஜா பெராங்
3 டிசம்பர் 1956

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டுதான் குதிரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் ஈப்போவுக்கு வரவில்லை. அதைப் பற்றி இந்த ஒரு வரி போதும்.

முதலில் தெங்கேராவில் ஒரு தரகர். நல்ல கறுப்புக் குதிரை, எண்ணெய் தடவினாற்போல் மினுமினுப்பு. "ஆறு வயசுதான் தங்கச்சி. கொழந்த மாதிரி. நீ அடிச்சாக்கூட திரும்பிப் பாக்காது" என்றார். நீங்கள் சொன்னபடி வெளியில் கொண்டுவரச் சொன்னேன். "ஏன், மழை வர்ற மாதிரி இருக்கே" என்று இழுத்தார். விடவில்லை. கடற்கரை ரோட்டில் நடத்திக்கொண்டு போனோம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நான் கழுத்தைத் தட்டிக் கொடுத்த கை கறுப்பாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் குதிரையின் காலடியில் கறுப்புத் தண்ணீர் ஓடுகிறது! கழுத்து, முதுகு, முகம் எல்லாம் கரைந்து, உள்ளேயிருந்து நரைத்த குதிரை ஒன்று வெளியே வந்தது. அப்படியே வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். தரகர் என்னைவிட அதிர்ச்சியடைந்தவர்போல, "அடக் கடவுளே, எனக்கும் இப்படித்தான் குடுத்தான் பாருங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அடுத்தது புக்கிட் காதிலில். பால்காரர் ஒருவருடைய பழுப்புக் குதிரை. அதன் பக்கத்தில் ஒரு லோரியைக் கொண்டுவந்து ஹாரன் அடிக்கச் சொன்னேன். அசையவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு தடவை அடிக்கச் சொன்னேன். காதுகூட ஆடவில்லை. பேரம் பேசி முடிக்கிற நேரத்தில் மனசு கேட்காமல் அதன் பின்னால் போய்க் கையைத் தட்டினேன். பிறகு ஒரு தகரத்தை எடுத்துப் போட்டேன். பிறகு அதன் முகத்துக்கு நேரே என் முந்தானையை உதறினேன். ஒன்றும் இல்லை. அண்ணா, அதற்குக் காதும் கேட்காது, கண்ணும் தெரியாது! பால்காரர், "பழக்கத்துலயே போயிரும்லா, வீடு வீடா அதுவே நிக்கும்" என்கிறார். அந்தக் குதிரையைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது. அதன் வண்டியில் தினமும் பிள்ளைகளும் ஏறிப் போயிருக்கிறார்களாம்.

தூங்கினால் கனவிலும் குதிரைதான். குளம்பு வெடித்தது, வாய் நுரைத்தது, கடிக்கிறது. போன வாரம் ஒன்றைப் பார்க்கப் போனேன், அது என் சட்டையின் கையைக் கடித்துக் கிழித்துவிட்டது.

நல்ல சேதி ஒன்று. புக்கிட் பாருவில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்கே திரும்பிப் போகிறாராம். அவர் வீட்டில் இரண்டு மட்டக்குதிரைகள் இருக்கின்றனவாம். அங்கே தோட்ட வேலை செய்கிற பொன்னையா என்பவர் கோயிலில் சொன்னார். அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறேன்.

கமலவேணி


ஈப்போ
10 டிசம்பர் 1956

கமலவேணி,

நரைத்த குதிரை கதையைக் கேட்டு லாயத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். ரொம்ப நாளாகிறது இப்படிச் சிரித்து. பிறகு யோசித்துப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணும் காதும் இல்லாத குதிரையின் பின்னால் போய்க் கையைத் தட்டினாயா? பயந்து உதைத்திருந்தால் உன் மார்பெலும்பு நொறுங்கியிருக்கும். பின்னால் போகாதே. எந்தக் குதிரைக்கும் பின்னால் போகாதே.

துரைமார் வீட்டுக் குதிரை என்றால் தீனி, லாடம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். மட்டக்குதிரை என்றால் உன் வண்டிக்குச் சரி. ஆனால் துரைமார்கள் அதை விற்பார்களா என்பது வேறு விஷயம். ஆசைப்பட்டுக்கொண்டு போகாதே.

அஞ்சலை உன் உடம்பைக் கேட்டாள். சட்டை கிழிந்தது என்று எழுதினாயே, கை கிழிந்ததா? அதை எழுதவில்லை நீ.

பொன்னுதுரை


காஜா பெராங்
17 டிசம்பர் 1956

அண்ணா,

வியாழக்கிழமை காலை புக்கிட் பாருவுக்குப் போனேன். அந்த பங்களாவின் கேட்டைத் திறக்கும்போது ஒரு சத்தம். பட்டாசு என்று நினைத்தேன். உள்ளே போனேன். ரம்புத்தான் மரத்தடியில் ஒரு குதிரை கிடந்தது. கரும்பழுப்பு. நெற்றியில் விபூதிப் பட்டை இட்டதுபோல் குறுக்கே வெள்ளை. அந்த வெள்ளைக்கு மேலே ஒரு ஓட்டை. கால் ஒன்று இன்னும் உதறிக்கொண்டிருந்தது. துரை கையில் துப்பாக்கி. துரைசாணி புல்லில் முட்டி போட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். பொன்னையா அடுத்த குதிரையைக் கயிற்றில் பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு வந்தார். அது கீழே கிடந்ததை மோந்து பார்க்கக் கழுத்தை நீட்டியது.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. ஓடிப்போய் அந்த இரண்டாவது குதிரைக்கு முன்னால் நின்றுவிட்டேன். துரை மலாயில் போ, போ என்று கத்தினார். என் கால் நகரவில்லை. துப்பாக்கியின் முனை எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை.

"இந்தக் குதிரையை எனக்குக் கொடுங்கள். நான் வாங்கிக்கொள்ளத்தான் வந்தேன்" என்றேன் மலாயில்.

துரைசாணி எழுந்து வந்தார். கவுனெல்லாம் ரத்தம். "எதற்கு?" என்று கேட்டார்.

"பள்ளிப் பிள்ளைகளின் வண்டிக்கு."

அவர் தலையை ஆட்டினார். "உங்கள் வண்டிக் குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். முதுகெல்லாம் புண். பட்டினி. சாட்டை. நான் போன பிறகு என் குதிரைகளுக்கு அப்படி ஒரு வாழ்வு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, "காசிஹான்" என்றார். நாம் 'பாவம்' என்று சொல்கிற இடத்தில் மலாய்க்காரர்கள் சொல்கிற வார்த்தை. அதை ரத்தம் தோய்ந்த கையோடு சொன்னார்.

அண்ணா, வெறி பிடித்த மாதிரிதான் இருந்தது எனக்கு. "எங்கள் வீட்டுக்கு வந்து பாருங்கள்! என் குதிரையின் கழுத்துப்பட்டை அங்கே தொங்குகிறது. அதில் ஒரு சொட்டு ரத்தக்கறை இருந்தால் இவளைச் சுட்டுக்கொள்ளுங்கள்!" என்று கத்தினேன். பொன்னையா என்னைப் பார்த்து, "தாயே, மெதுவா, மெதுவா" என்றார்.

அவர்கள் வந்தார்கள். அன்றைக்குச் சாயந்திரமே மோட்டார் கார் நம் வீட்டு வாசலில் நின்றது. காஜா பெராங்கே வெளியே வந்து பார்த்தது. துரை காரைவிட்டு இறங்கவில்லை. துரைசாணி கொட்டகைக்குள் போய்ச் செம்பனின் கழுத்துப்பட்டையை எடுத்தார். இலவம்பஞ்சு வைத்து, என் பழைய சேலையைப் போட்டு நான் தைத்தது. உள்பக்கம் முழுவதும் விரலால் தடவிப் பார்த்தார். மூக்கருகில் வைத்து மோந்தார். ஒன்றும் பேசாமல் ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் பொன்னையா குதிரையைக் கொண்டுவந்து கட்டினார். துரைசாணி விலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கூடவே தேய்க்கிற பிரஷ்ஷும் சீப்பும். பெயர் டெய்சி. குதிரை வெள்ளையும் இல்லை பழுப்பும் இல்லை, தேயிலைத் தண்ணீரில் பால் விட்ட நிறம். பசு மாதிரி சாது. லோரிக்கு மிரளவில்லை, கண்ணும் தெரிகிறது, காதும் கேட்கிறது, மழையில் நனைத்தும் பார்த்துவிட்டேன். வயிறு மட்டும் கொஞ்சம் பெரிது. திரும்பும்போது மெதுவாகத் திரும்புகிறாள். "புல்லு வயிறும்மா" என்கிறார் பொன்னையா.

தேடிய குதிரை கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. நம் வண்டியில் பூட்டப்படுவதைவிடச் சாவது மேல் என்று ஒருவர் நினைத்திருக்கிறார். அழுதுகொண்டே அப்படி நினைத்திருக்கிறார். நாம் அவ்வளவு கொடுமைக்காரர்களா அண்ணா?

கமலவேணி


ஈப்போ
21 டிசம்பர் 1956

கமலவேணி,

துப்பாக்கிக்கு முன்னால் போய் நின்றாயா? அஞ்சலை அந்த இடத்தை வாசித்துவிட்டுக் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டாள். நான் எடுத்து வாசித்தேன். எனக்குத் திட்டக்கூட வரவில்லை.

கொடுமைக்காரர்களா என்று கேட்டாய். இங்கேயும் துரைமார் ஒவ்வொருவராகப் போகிறார்கள். போகும்முன் தங்கள் குதிரைகளை என்ன செய்கிறார்கள் என்று லாயத்தில் நாங்கள் யாரும் பேசுவதில்லை.

இப்போது நான் எழுதுவதைக் கவனமாகப் படி. அந்த வயிறு எனக்குச் சரியாகப் படவில்லை. புல் வயிறு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உப்பும், தீனியைக் குறைத்தால் இறங்கும். இது கீழே தொங்குகிறதா பார். பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நில். உள்ளேயிருந்து ஏதாவது உதைக்கிறதா பார். மடியைப் பார். செத்துப்போனது விதையடித்த குதிரையா, முழு ஆண் குதிரையா என்று அந்தத் தோட்டக்காரனிடம் கேள். கண்ணைப் பார்த்துக் கேள்.

அது தெரிகிற வரைக்கும் வண்டியில் பூட்டாதே. பள்ளி திறந்தாலும் பூட்டாதே. ஊரே திட்டினாலும் பூட்டாதே.

பொன்னுதுரை


காஜா பெராங்
14 ஜனவரி 1957

அண்ணா,

உள்ளங்கையை வைத்தேன். உதைத்தது. நான் அலறிக்கொண்டு கையை எடுத்துவிட்டேன். பிறகு மறுபடி வைத்தேன், எடுக்கவே மனசு வரவில்லை. மடியும் இப்போது கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது.

பொன்னையாவை வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டேன். முதலில், "எனக்கென்னம்மா தெரியும்" என்றார். நீங்கள் சொன்னபடி கண்ணைப் பார்த்துக் கேட்டேன். மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் துரையும் துரைசாணியும் லீவில் சீமைக்குப் போயிருந்தபோது இவர் ஒரு நாள் மறந்துபோய் நடுவில் இருந்த வேலிக் கதவைத் திறந்துபோட்டிருக்கிறார். அந்தக் குதிரை முழு ஆண் குதிரை. அதன் பெயர் பிரின்ஸ். வேலை போய்விடுமென்று இவர் யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்த பிறகு துரைக்கு உடம்பு முடியாததால் அவர்கள் சவாரியே போகவில்லை, துரைசாணிக்கும் சந்தேகம் வரவில்லை.

"அன்னிக்குச் சொல்லியிருந்தா ரெண்டையும் விட்டுருப்பாங்களோ என்னமோ. வாய் வரைக்கும் வந்துச்சும்மா. துப்பாக்கியப் பாத்ததும் நாக்கு ஒட்டிக்கிச்சு" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. டெய்சி மோந்து பார்க்கக் கழுத்தை நீட்டியது தன் குட்டியின் அப்பனைத்தானே.

பள்ளி திறந்துவிட்டது. நான் பூட்டவில்லை. பெற்றவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். "குதிரைக்குப் பேறுகாலமா? அதுக்காக எங்க பிள்ளைங்க நடக்கணுமா?" என்று ஒருவர் கேட்டார். சிலர் அன்றைக்கே வேன் பேசிக்கொண்டார்கள். கலியாணசுந்தரம் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நீ எப்படிம்மா கூட்டிட்டுப் போவ?" என்றார்.

"நடந்துதான் சார்."

"டவுன் வரைக்குமா?"

"ஆமா சார்."

மல்லிகாவை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவரைப் பார்த்து இன்னும் சிலரும் விட்டார்கள். ஆறு பேர் இருக்கிறார்கள். தினமும் காலையில் அவர்களை வரிசையாக நிறுத்தி நடத்திக்கொண்டு போகிறேன், மத்தியானம் நடத்திக்கொண்டு வருகிறேன். புத்தகப் பைகளுக்குப் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாதான் கை கொடுத்தார். அவர் மலாக்கா செட்டி, பல தலைமுறையாக இங்கேயே ஊறிப்போனவர்கள், தமிழ் பேச வராது, மலாயில்தான் பேசுவார். ஆனால் மாரியம்மன் கோயிலுக்கு நம்மைவிட முந்திக்கொண்டு போவார். சாயந்திரம் பலகாரம் விற்கிற தள்ளுவண்டியைக் காலையில் என்னிடம் விட்டுவிடுகிறார். பைகளை அதில் போட்டுத் தள்ளுகிறேன். முதல் இரண்டு நாள் கால் வீங்கிவிட்டது. இப்போது பழகிவிட்டது. பிள்ளைகளுக்கு இது வண்டியைவிடக் கொண்டாட்டமாக இருக்கிறது.

ஆனால் எனக்குக் குட்டி போடுவதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இங்கே தெரிந்தவர் யாரும் இல்லை. என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

கமலவேணி


ஈப்போ
18 ஜனவரி 1957

கமலவேணி,

எழுதிச் சொல்கிற விஷயம் இல்லை இது. லீவு கேட்டிருக்கிறேன். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மாசக் கடைசியில் வருகிறேன். கொட்டகையில் புதுசாக வைக்கோல் பரப்பி வை.

நடந்தா? டவுனுக்கா? பைகளைத் தள்ளிக்கொண்டா?

பொன்னுதுரை


ஈப்போ
25 பிப்ரவரி 1957

கமலவேணிக்கு,

பஸ்ஸில் வரும்போது யோசித்ததை எல்லாம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நேரில் இருந்த நாட்களில் பேச வரவில்லை. உன் வீட்டில் நான் பேசியதெல்லாம் குதிரையிடம்தான் என்று அஞ்சலை கேலி செய்கிறாள்.

டெய்சி குட்டி போட்ட அந்த விடியற்காலையைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். எத்தனையோ குட்டி எடுத்திருக்கிறேன், எல்லாம் பெரிய குதிரைகள். இவள் மட்டக்குதிரை. ஒரு முன்கால் வெளியே வந்துவிட்டது, இன்னொன்று உள்ளே மடங்கிக்கொண்டது என்று தெரிந்ததும் கையில் எண்ணெயைப் பூசிக்கொண்டேன். என் கை உள்ளே போகவில்லை. இரண்டு தடவை முயன்றேன். அவள் முனகிய முனகல் இருக்கிறதே. அவளும் குட்டியும் போய்விடுவார்கள் என்று தெரிந்துவிட்டது எனக்கு.

நீ என்னைத் தள்ளிவிட்டு, "என் கை சின்னக் கை. எண்ணெயக் குடுங்க. என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றாய்.

நான் திகைத்துப்போய்விட்டேன் கமலவேணி. சொல்லச் சொல்லச் செய்தாய். "முட்டி தெரியுது... மடங்கியிருக்கு... குளம்பப் புடிச்சிட்டேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய். குளம்பை உள்ளங்கைக்குள் மூடிக்கொள், கர்ப்பப்பையைக் கிழித்துவிடும், முட்டியைப் பின்னால் தள்ளு, குளம்பை முன்னால் கொண்டு வா என்று நான் கத்தினேன். எங்கள் லாயத்தில் பத்து வருஷம் வேலை பார்த்தவனுக்கே அந்த இடத்தில் கை தடுமாறும். உனக்குத் தடுமாறவில்லை. குட்டி வழுக்கிக்கொண்டு வந்து உன் மடியிலேயே விழுந்தபோது நீ என்னைப் பார்த்தாய். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏனென்று உனக்குத் தெரிந்திருக்கும்.

வைக்கோலால் துடைத்த பிறகு அதன் நெற்றியைப் பார்த்து நீ கத்தினாயே, அந்தக் குறுக்கு வெள்ளையைப் பார்த்து. நான் அந்தச் செத்த குதிரையைப் பார்த்தவன் இல்லை. ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொன்னையா கொட்டகை வாசலிலேயே கும்பிட்டு விழுந்துவிட்டார்.

இன்னொன்று. அன்றைக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாமல் கையெல்லாம் கழுவிக்கொண்டு நேரத்துக்குப் போய்ப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினாய். இன்றைக்காவது விடேன் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. தள்ளுவண்டியை உன் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன். வழியெல்லாம் கோப்பிக் கடைக்காரரும் வீட்டு வாசலில் நின்றவர்களும் உன்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார்கள், சிலர் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்த ரோட்டில் உனக்கு என்ன மரியாதை என்று இத்தனை நாள் நான் பார்த்ததே இல்லை. பார்க்க வந்ததும் இல்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் யாரும் சொல்லாமலேயே நான்தான் தள்ளினேன்.

டெய்சியை மே மாசம் வரைக்கும் பூட்டாதே. முதலில் வெறும் வண்டி, பிறகு பொன்னம்மாவை உட்கார வை, அவர் நல்ல கனம். பிறகுதான் பிள்ளைகள். புதுக் கடிவாளம் ஒன்று பார்சலில் அனுப்புகிறேன். பழையது உன் கைக்குப் பெரிது, அன்றைக்கே கவனித்தேன்.

நீதான் ஓட்ட வேண்டும். வேறு ஆளைப் போடாதே.

உன் அண்ணன்
பொன்னுதுரை


காஜா பெராங்
24 ஜூன் 1957

அண்ணா,

கடிவாளம் கைக்கு அளவாக இருக்கிறது. டெய்சியைப் பூட்டிவிட்டேன். பிள்ளைகளை ஏற்றிய முதல் நாள் நடந்ததைக் கேளுங்கள். குட்டியை வீட்டில் கட்டிவிட்டுப் புறப்பட்டேன். கோப்பிக் கடைக்கு எதிரில்தான் போயிருப்போம், வீட்டிலிருந்து குட்டி அலறினான் பாருங்கள், தெருவே திடுக்கிட்டது. டெய்சி நடுரோட்டில் நின்றுவிட்டாள். செம்பன் நின்ற அதே இடம் அண்ணா. பிள்ளைகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள், எல்லாரும் அதையேதான் நினைத்திருப்பார்கள். ஆனால் அவள் படுக்கவில்லை, வண்டியோடு சேர்த்துத் தானே திரும்பிக்கொண்டாள்! கடைசியில் குட்டியையும் அவிழ்த்துக் கூட்டிக்கொண்டுதான் போனேன். வண்டிக்குப் பக்கத்தில் அவன் துள்ளிக்கொண்டே வர, மலாய்க்காரப் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, "இந்தச் சின்னவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா?" என்றார். பயந்தே போனேன். அப்புறம் பார்த்தால் சிரிக்கிறார். வேனில் போன பிள்ளைகளில் மூன்று பேர் திரும்பி வந்துவிட்டார்கள், குட்டியைப் பார்க்கத்தான்.

இப்போது இன்னொரு விஷயம். இதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

போன வாரம் சீமையிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அந்தத் துரைசாணி எழுதியிருக்கிறார். எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, கலியாணசுந்தரம் சாரிடம் கொண்டுபோனேன். அவர் தமிழில் சொன்னார். துரை இறந்துவிட்டாராம். அங்கே குளிராம். டெய்சி நன்றாக இருக்கிறாளா, சாப்பிடுகிறாளா என்று கேட்டிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி. "அவள் இன்னும் பிரின்ஸைத் தேடுகிறாளா?"

கலியாணசுந்தரம் சாருக்கு எல்லாக் கதையும் தெரியும். பேனாவை எடுத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு மாசத்துல நம்ம மலாயாவுக்குச் சொதந்திரம். நல்லா ஒறைக்கிற மாதிரி எழுதிரவா? டெய்சி வயித்துல இருந்த குட்டியோட அப்பனத்தான் சுட்டுக் கொன்னீங்கன்னு எழுதிரவா? ஒரு வரி போதும்மா, சாகற வரைக்கும் தூங்க முடியாது" என்றார்.

உண்மைதானே அண்ணா. எழுதினால் அது பொய்யும் இல்லை. அந்தத் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டதிலிருந்து எனக்குள்ளே ஒரு கோபம் உட்கார்ந்திருக்கிறது. நம் கையில் வாழ்வதைவிடச் சாவது நல்லது என்று நினைத்தவர் அல்லவா அவர். எழுதுங்கள் சார் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லப் போனபோது, புல்லில் முட்டி போட்டு உட்கார்ந்து பிரின்ஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாரே, அந்த முகம்தான் எதிரில் வந்தது. இப்போது துரையும் இல்லை. குளிரில் ஒற்றையாக உட்கார்ந்துகொண்டு ஒரு குதிரை இன்னொரு குதிரையைத் தேடுகிறதா என்று கேட்கிற மனுஷி.

"டெய்சி சௌக்கியம், நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று எழுதுங்கள் சார்" என்றேன்.

எழுதினார். "அப்புறம்?"

"தேடினாள். முதல் ஒரு மாசம் புக்கிட் பாருப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பாள். இப்போது தேடுவதில்லை என்று எழுதுங்கள்."

அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் தேடலேன்னு எழுத வேணாமா?"

"வேணாம் சார்."

குட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதச் சொல்லவில்லை. எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பிறகு உறையை நானே ஒட்டி, தபால் பெட்டியில் நானே போட்டேன்.

போட்டுவிட்டுத் திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு அழுகை. பாவம் என்று மறைத்தேனா, அவர் தெரிந்துகொள்ளத் தகுதியில்லாதவர் என்று மறைத்தேனா, எனக்கே விளங்கவில்லை. நான் செய்தது சரிதானா அண்ணா? பதில் எழுத வேண்டாம். அடுத்த மாசம் அண்ணியையும் கூட்டிக்கொண்டு வருகிறீர்களே, அப்போது வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
கமலவேணி